அக்கா பேரில் நான் ஊதியது

நாலு வருஷமாக ஊர் ஊராகப் போய் மனுஷர்களை ஊதச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. எங்கள் பக்கம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு நுழைந்த முதல் தெருவிலேயே ஒரு பெரியவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இன்னாம்மா, ரோட்டுலதான் போலீஸ்காரன் ஊதச் சொல்றான், நீ வூட்டுக்கே வந்துட்டியா?" என்று கேட்டார். மூலைக்கு ஒரு சாராயக்கடை இருக்கிற ஊரில் ஊதுகிற மிஷின் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? "குடிச்சிருந்தாலும் பரவால்ல, எனக்கு உங்க நுரையீரல்தான் வேணும்" என்றேன். "அதையும் கொடுத்துட்டா எதுலம்மா மூச்சு வுடுறது?" என்றார். கடைசியில் ஊதினார், நன்றாகவே ஊதினார்.

ஆராய்ச்சியை நடத்தியது நகரத்து டாக்டர்கள். விறகடுப்பு, உமி அடுப்பு, கரும்புச் சோகை கொளுத்துகிற புகை, மில் தூசு என்று வருஷக்கணக்காக இதிலேயே கிடக்கிறவர்களின் மூச்சு எப்படி இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பட்டியலில் இருக்கிற ஆளைத் தேடிப் போய், வயசும் உயரமும் எழுதி, மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழாயை வாயில் வைத்து ஊத வைக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அதே ஆளிடம் மறுபடியும்.

ஊதுவது லேசான காரியம் இல்லை. நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வெளியே தள்ளி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றிய பிறகும் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மாதிரி மூன்று தடவை. எட்டு தடவைக்கு மேல் யாரையும் ஊத வைக்கக் கூடாது என்பது விதி. பக்கத்தில் நின்று யாராவது கத்தாமல் எந்த மனுஷனும் அப்படி ஊத மாட்டான். நான் கத்துவேன். "இழு, இழு, இன்னும் இழு, இப்ப ஊது! ஊது ஊது ஊது, விடாத, இன்னும், இன்னும், இன்னும்!" நான் கத்துகிற கத்தலில் அடுத்த தெரு நாய் குரைக்கும். மிஷின் ஒவ்வொருவர் ஊதலையும் கோடாக வரைந்து, அதற்கு ஒரு தரம் போடும். நான் எடுத்தவை பெரும்பாலும் 'ஏ'. மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டரம்மா என் கோடுகளைத் திரையில் போட்டு, "இப்படி எடுக்கணும்" என்று மற்றவர்களுக்குக் காட்டுவார். எனக்குத் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் ஊர்ப் பட்டியல் வந்தபோது அதில் என் அக்கா பெயர் இருந்தது.

அக்கா என்னைவிட மூன்று வயசு பெரியவள். உயரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சின்ன வயசில் ஒரு தாவணியை மாற்றி மாற்றிப் போட்டோம். பெரியவர்களான பிறகு இன்னும் பலதை மாற்றிக்கொண்டோம். நூறு நாள் வேலையில் செல்போனில் போட்டோ எடுத்து ஆஜர் போடுகிற வழக்கம் வருவதற்கு முன்னால், என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் பெயரைக் கூப்பிடும்போது அக்கா கை தூக்குவாள். அவளுக்கு முடியாத நாளில் நான் தூக்குவேன். அவள் பெயரில் நானும் என் பெயரில் அவளும் ஏரி மண்ணைச் சுமந்திருக்கிறோம். ஊரில் எல்லாரும் இப்படித்தான். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. வீட்டில் ஒருத்தருக்கு முடியாவிட்டால் இன்னொருத்தர் போய் நிற்க வேண்டியதுதானே?

அக்கா வீட்டுக்காரர் இறந்த பிறகு அவள்தான் தனியாகக் குடும்பத்தை இழுத்தாள். அவளுக்கு ஒரே பெண். அரிசி மில்லில் நெல் அவிக்கிற இடத்தில் அக்காவுக்கு வேலை, பாய்லர் அடுப்புக்கு உமி தள்ளுவது. பதினஞ்சு வருஷம். சாயந்தரம் வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இருமல் இருந்தது, அது எப்போதும் இருந்ததால் அதை நாங்கள் இருமல் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சொந்தக்காரரை நாமே ஊத வைக்கக் கூடாது, வேறு ஆள்தான் வர வேண்டும் என்பது இன்னொரு விதி. என்கூட வேலை செய்த பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. எங்கள் ஊர்ச் சுற்று முடிகிற கடைசி நாள், பட்டியலில் மிச்சம் அக்கா மட்டும்தான். "நானே எடுத்துடுறேன் மேடம்" என்று பெரிய டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். என் கோடுகள் மேல் இருந்த நம்பிக்கையில் அவரும் சரி என்றார்.

அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் முந்தின நாள் ஊதி முடித்தவர்கள், அதனால் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். முதல் தடவை ஊதும்போதே அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் பாதியிலேயே நிறுத்தினாள். மூன்று, நாலு, ஐந்து, எதுவும் தேறவில்லை. நான் கத்தினேன். எல்லாரையும்விட அவளிடம்தான் அதிகம் கத்தினேன். "இன்னும்க்கா, இன்னும், இன்னும்!" எட்டாவது தடவை கண் பிதுங்கித் தள்ளினாள், கழுத்து நரம்பு புடைத்தது, அதோடு ஒரு இருமல். அப்புறம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு என்னை மட்டும் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாரும் போங்க, மிஷினுக்கு இடைஞ்சல்" என்று கூட்டத்தை விரட்டினேன். ஆள் ஒழிந்ததும் அக்கா எழுந்து, நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல், புடவை மாற்ற உள்ளே போனாள். நான் துண்டை எடுத்து ஈர நாற்காலியைத் துடைத்தேன். என் அக்காவைத் தெருவே பார்க்க உட்கார வைத்து இப்படிச் செய்துவிட்டேன். மிஷினைப் பார்த்தேன். எட்டு ஊதலும் தேறாதவை. ஊரே முடிந்து ஒரு பெயர் மட்டும் சிவப்பாக நின்றது, அதுவும் என் அக்கா பெயர், அதுவும் நான் எடுத்தது.

புது அட்டைக் குழாயை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கில் கிளிப் போட்டு, தேறாததையெல்லாம் அழித்துவிட்டு மூன்று தடவை நானே ஊதினேன். யாரும் கத்தவில்லை, எனக்குக் கத்த ஆள் தேவையில்லை. மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. பச்சை. 'ஏ'. அக்காவின் அவமானத்துக்காகச் செய்தேனா, பட்டியல் முடிய வேண்டும் என்று செய்தேனா, என் பெயருக்காகச் செய்தேனா என்று இதுவரை பல தடவை என்னையே கேட்டுவிட்டேன். மூன்றும்தான். எது முதலில் வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

அக்கா வேறு புடவையில் வந்தாள். "இன்னாடி ஆச்சி? வுட்டுட்டியா?"

"முடிஞ்சிடுச்சிக்கா. கடைசியா ஊதினது நல்லா வந்திருக்கு."

அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். "அதான பார்த்தேன். கடைசில அப்படியே அடிவயித்துலேர்ந்து இழுத்து வுட்டேன் பாரு!" என்றாள். ஆமாம் என்றேன். நனைந்த புடவையைப் பற்றி இருவரும் பேசவில்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

பதினஞ்சு நாளில் ஆளுக்கொரு தாள் வரும், அதை நாங்களே வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். அக்கா தாளில் அந்தக் கோடும், அதற்குக் கீழே 'நுரையீரல் செயல்பாடு: இயல்பு' என்றும் இருந்தது. அக்கா அதைப் பாகூர் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். மில்லில் எல்லாரிடமும் சொன்னாளாம், பதினஞ்சு வருஷம் உமி தள்ளியும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அப்போது எனக்கு அது ஒரு சின்னப் பொய்யாகத்தான் இருந்தது.

கார்த்திகை மாதம் அக்கா பெண் வீட்டைவிட்டுப் போனாள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள், அங்கே கூட வேலை பார்த்த வீராம்பட்டினத்துப் பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன், குடிக்க மாட்டான். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வேறு சாதி, அக்காவுக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பெண் போன் செய்தால் அக்கா கட் பண்ணினாள். என் மூலமாக நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினாள் பெண். அக்கா பையைப் பிரிக்காமலே ஆணியில் மாட்டினாள். அது அங்கேயே தொங்கியது.

மார்கழி பிறந்ததும் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பைப்படியிலிருந்து ஒரு குடம் கொண்டுவர இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள். பேச்சு நடுவில் நின்று நின்று வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது லேமினேஷன் தாளையும் எடுத்துக்கொண்டு போனாள், நான் வேண்டாம் என்று சொல்வதற்குள். அங்கே இருந்த டாக்டர் தாளை வாங்கிப் பார்த்து, "நல்ல டெஸ்ட்டு, நுரையீரல்ல பிரச்சனை இல்ல" என்று சொல்லிவிட்டு, ரத்தம் பார்த்து, சோகை இருக்கிறது என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். அந்த டாக்டரை நான் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அக்கா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா. நெஞ்சுல ஏதோ இருக்கு" என்றேன்.

"நெஞ்சுல இன்னா இருக்கு? நீதான நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்த? நான் இன்னா பீடியா புடிக்கிறேன்?"

"அது ஆறு மாசத்துக்கு முன்னாடி ஊதினது."

"ஆறு மாசத்துல நுரையீரலு ஓடிப்பூடுமா? போடி, ரத்தம் கம்மி, மாத்திர போட்டா சரியாயிடும்."

என் தாளை வைத்தே என் வாயை அடைத்தாள். உண்மையைச் சொன்னால் ஒரே நொடியில் தீர்கிற விஷயம். சொல்லவில்லை. அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், திரையில் என் கோடுகளைக் காட்டியவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது, இதைத்தான் யோசித்தேன். அதற்கு ஒரு சமாதானமும் கண்டுபிடித்தேன். ஆனியில் இரண்டாம் சுற்று வரும், அப்போது வேறு ஆள் வந்து எடுப்பாள், அக்காவின் உண்மையான மூச்சு தெரிந்துவிடும், மருந்து கிடைத்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனிக்கு ஆறு மாசம் இருந்தது.

அந்த ஆறு மாசத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்டால், நான் தள்ளவில்லை, அக்காதான் தள்ளினாள், உமியையும் சேர்த்து. மில்லுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. இயல்பு என்று தாள் இருக்கும்போது ஏன் நிறுத்துவாள்? மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, "தல வாரி வுடுடி" என்றாள். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மூச்சு முட்டுகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், ஏதோ சோம்பேறித்தனம் மாதிரி. நான் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். அவள் தோள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின. இந்த மாதிரி தோளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என்ன வியாதி என்று. வேலைப் பழக்கத்தில் அவள் மூச்சை எண்ணினேன். எண்ணக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் எண்ணிக்கொண்டே வாரினேன். எனக்கு அழுகை வந்தது, அவள் முதுகுதான் என் பக்கம் இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. பின்னி முடித்ததும் அவளே வாயில் கவ்வியிருந்த ரிப்பனை எடுத்துக் கொடுத்தாள். அந்த ஞாயிறிலிருந்து தினமும் காலையில் நான்தான் வாரிவிட்டேன், தினமும் சொல்லலாம் என்று போவேன், பின்னிவிட்டு வந்துவிடுவேன்.

ஆனி வந்தது. என்கூட வேலை செய்யும் பெண் அக்காவை ஊத வைத்தாள். நான் வேண்டுமென்றே அன்றைக்கு நெட்டப்பாக்கம் பக்கம் வேலை வாங்கிக்கொண்டேன். சாயந்தரம் அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, மிஷின் கெட்டுப்போச்சா பாருங்க. உங்க அக்காவுது போன வருஷத்துல பாதிகூட இல்ல." வேறு மிஷினில் மறுநாள் மறுபடி எடுத்தாள். அதே அளவுதான். கோடு உள்பக்கம் குழிந்து சப்பென்று விழுந்து கிடந்தது.

அப்பாடா, இனி மருந்து கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அந்த இறக்கம் கம்ப்யூட்டரில் எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. போன வருஷம் ஏ ஒன் மூச்சு, இந்த வருஷம் பாதிகூட இல்லை. எங்கள் பட்டியல் முழுவதிலும் இந்த அளவு இறங்கியவர்கள் யாரும் இல்லை. பெரிய டாக்டரம்மாவே கார் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

நல்ல மனுஷி அவர். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அம்மா, உமி வேலையில கொஞ்சம் கொஞ்சமா குறையும், அது எங்களுக்குத் தெரியும். ஒரே வருஷத்துல இவ்வளவு போகாது. இந்த ஒரு வருஷத்துல புதுசா என்ன நடந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க." மில்லில் புது மருந்து ஏதாவது அடித்தார்களா, பெரிய காய்ச்சல் வந்ததா, வீட்டுக்குப் பக்கத்தில் எதையாவது எரித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அக்கா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். என் பக்கம் திரும்பி டாக்டரம்மா கேட்டார், "போன வருஷம் நீங்கதான எடுத்தீங்க? நல்லா ஊதினாங்களா?"

"நல்லாதான் ஊதினாங்க மேடம்" என்றேன்.

அக்கா உட்கார்ந்து யோசித்தாள். பாவம், உண்மையிலேயே தேடினாள், அவ்வளவு பெரிய டாக்டர் கேட்கிறாரே, உதவ வேண்டுமே என்று. பிறகு ஆணியில் தொங்கிய கருவாட்டுப் பையைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் டாக்டரம்மா... நடந்துச்சி. எம்பொண்ணு... பூட்டா. அதான். அவ போனப்பதான்... இதுவும் போச்சி."

கவலையால் நுரையீரல் இப்படி ஆகாது அம்மா என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். அக்கா தலையை ஆட்டினாளே தவிர காதில் வாங்கவில்லை. அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. இழுக்கிற மருந்து ஒன்றைக் கொடுத்து, எப்படி இழுப்பது என்று காட்டி, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். மருந்தை அக்கா அலமாரியில் வைத்தாள். "எதுக்குடி இது? அவ வந்தா... மூச்சு வரும்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் வீராம்பட்டினத்திலிருந்து பெண் எனக்குப் போன் செய்தாள். பேசவே முடியாமல் அழுதாள். ஏழு மாசத்துக்குப் பிறகு அவள் அம்மா முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். சந்தோஷமாக எடுத்திருக்கிறாள்.

"சித்தி, என்னாலதான் அம்மாவுக்கு நுரையீரல் போச்சாமே? மிஷின்லயே வந்துடுச்சாமே? பெரிய டாக்டரே வந்து கேட்டாங்களாமே? நான் திரும்பி வந்தா மூச்சு வந்துடும்னு சொல்றாங்க சித்தி. நீங்க இந்த வேலதான பார்க்கிறீங்க, நீங்க சொல்லுங்க, அப்படி ஆவுமா?"

போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நான் வந்துடுறேன் சித்தி. அவர்கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை துணியெல்லாம் எடுத்துகினு வந்துடுறேன். எனக்கு அம்மா வேணும்."

அவளுக்கு அப்போது நாலு மாசம்.

அன்று நான் சோறு தின்னவில்லை. என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவமானத்தை மறைக்க மூன்று தடவை ஊதினேன், அந்தக் காற்று போய் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அணைக்கப் பார்க்கிறது. என்னைப் போல ஒரு கோழை இந்தக் கொம்யூனிலேயே இருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுகூட ஒரு சொகுசுதான், சொல்வதைத் தள்ளிப்போட இன்னும் ஒரு வழி.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போகிற வழியில், ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி முதலில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். திரும்பி வர வழி இருக்கக் கூடாது என்றுதான். முழுவதையும் சொன்னேன், நாற்காலியைத் துடைத்தது வரைக்கும்.

"வேற யாருக்காவது ஊதினீங்களா?"

"இல்ல மேடம். சத்தியமா இல்ல."

"அதை நான் எப்படி நம்புறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் வழி கேட்பது போலத்தான் கேட்டார். பிறகு நான் எடுத்த அத்தனை பேருடைய ஊதலையும் ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளை பெற்ற இரண்டாம் மாசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊதியவள், லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு கேலி செய்த பெரியவர், எல்லாருடைய மூச்சும் என்னுடைய மூன்று மூச்சால் குப்பைக்குப் போயிற்று. என் வேலை போனது அதற்குப் பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

ஏரிக்கரையிலிருந்து நேரே போனபோது அக்கா சீப்பை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். நான் பின்னால் போகாமல் முன்னால் உட்கார்ந்தேன். "அக்கா, போன வருஷம் நீ ஊதினது ஒண்ணும் தேறல. நீ புடவ மாத்தப் போனப்ப நான்தான் ஊதினேன்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், எனக்கு அது முடிகிறது.

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. எழுந்து போய் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து வந்தாள். அதிலிருந்த கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது... உன்னுதா?"

"ஆமாக்கா."

"கடைசில... நல்லா ஊதினேன்னு... சொன்னியே?"

தலை குனிந்துகொண்டேன்.

"அப்ப என்னுது... அப்பவே... இப்படித்தான் இருந்துச்சா?"

"அப்பவே கெட்டுத்தான் இருந்திருக்கணும்க்கா. உமியாலதான். உம்பொண்ணு போனதால இல்ல. அப்பவே தெரிஞ்சிருந்தா மில்லுக்கு வுட்டிருக்க மாட்டேன். மருந்து போட்டிருக்கலாம். ஒரு வருஷம் என்னால போச்சி."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் அடிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடங்கக் காத்திருந்தாள். தாளை என் மடியில் போட்டாள். "உன்னுது. நீ... வச்சிக்கோ" என்றாள். பிறகு அவள் முகம் மாறியது, எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்தவள் மாதிரி.

"அய்யய்யோ. அவகிட்ட... சொல்லிட்டேனேடி. அவளுக்கு... போன் போடு."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டாவது ரிங்கிலேயே பெண் எடுத்தாள். "அம்மா? நான் கிளம்பிகினுதான் இருக்கேம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் வேணாம், இன்னிக்கே வந்துடுறேன்."

"வராத" என்றாள் அக்கா. "நீ..."

மூச்சு முட்டியது. தோள் ஏறியது, இறங்கியது. அந்தப் பக்கம் பெண், "அம்மா? வராதன்னா? அம்மா, கோவமா?" என்று பதறினாள். அக்கா வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை. நான் சட்டென்று போன் பக்கம் குனிந்தேன். மிச்சத்தை நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அக்கா கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நீ காரணம்... இல்லடி... உமிதான்... அங்கியே... இரு... நானே... வரேன்... உன் வூட்டுக்கு" என்றாள்.

அவள் சொல்லி முடிக்க ஏழு மூச்சு ஆயிற்று. வாயைப் பொத்திய கைக்குப் பின்னால் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.